ஜப்பானில் குடியேறியவர்கள் உள்ளூர் சூப்பர்மார்க்கெட்டில் பார்த்து வாங்குவது எப்படி?

கேள்வி இது: வேலைக்காக ஜப்பான் வந்து ஒரு மாதம் ஆகிறது. பக்கத்து சூப்பர்மார்க்கெட்டில் அலமாரியில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை. கவுன்டரில் என்ன கேட்கிறார்கள் என்று புரிவதில்லை. வீட்டில் ஒருவர் சுத்த சைவம், இன்னொருவர் மாடும் பன்றியும் தொடமாட்டார். எழுத்து தெரியாமல் எதை நம்பி வாங்குவது?

படத்தை நம்பாதீர்கள், லேபிளை நம்புங்கள். உறையில் காய்கறிப் படம் மட்டும் இருக்கும், உள்ளே பன்றிச் சாறு இருக்கும். ஆனால் அதே உறையின் பின்பக்கத்தில் அந்தச் சாறு பெரும்பாலும் எழுதப்பட்டிருக்கும். ஜப்பானிய லேபிள் மிகவும் விவரமானது. அதைப் படிக்க மொழி தெரியவேண்டியதில்லை, முப்பது நாற்பது சொற்கள் தெரிந்தால் போதும். கீழே வரும் சொற்களை ஒருமுறை மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு, ஜப்பானிய எழுத்தில் வருவதைப் படமாகப் போனில் வைத்துக்கொள்ளுங்கள். நேரம் கிடைக்கும்போது, வெளிநாட்டுச் சொற்களை எழுதும் கதகானா எழுத்துகள் 46-ஐயும் படித்துவிடுங்கள். போர்க், பீஃப், சிக்கன், ஜெலட்டின் எல்லாமே லேபிளில் பெரும்பாலும் கதகானாவில்தான் வரும். கடைக்குப் போகிறவருக்கு ஹிராகானா என்ற இன்னோர் எழுத்து வகையைவிட இதுவே முதலில் உதவும்.

விலையிலிருந்து ஆரம்பிக்கலாம். அலமாரிச் சீட்டில் பெரிதாக 298 என்று இருக்கும். அதன் கீழே பொடி எழுத்தில் 321.84 என்று புள்ளி வைத்த ஓர் எண் இருக்கும். பெரியது வரிக்கு முந்தைய விலை, ஸெய்நுகி. சிறியது வரி சேர்ந்தது, ஸெய்கோமி. நீங்கள் கொடுக்கப்போவது சிறிய எழுத்தில் இருப்பதைத்தான். வரி சேர்ந்த விலையைக் காட்டுவது 2021 ஏப்ரல் முதல் கட்டாயம். ஆனால் எதைப் பெரிதாக அச்சிடுவது என்பது கடையின் விருப்பம், அதனால்தான் குழப்பம். இரண்டையும் எழுத்தை வைத்தே பிரிக்கலாம். ஸெய்கோமியின் கடைசி எழுத்தில், படகின் அடிப்பாகம் போல ஒரு நீண்ட கோடு இடமிருந்து வலமாக அடியில் ஓடும். ஸெய்நுகியின் கடைசி எழுத்தில் அந்தக் கோடு கிடையாது.

வரி இரண்டு வகை. 2019 அக்டோபரில் வந்த முறைப்படி உணவுக்கு 8 சதவீதம். மது, சோப்பு, கழிவறைத் தாள், கடையின் பிளாஸ்டிக் பை ஆகியவற்றுக்கு 10 சதவீதம். கடையிலேயே மேசை போட்டிருந்து, வாங்கியதை அங்கே உட்கார்ந்து சாப்பிட்டால் அதற்கும் 10. பில்லில் 8 சதவீதப் பொருள்களுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் மாதிரி ஒரு குறி இருக்கும். மிரின் என்ற இனிப்புச் சமையல் திரவத்தில் இந்த வரி ஒரு துப்பாகவே உதவும். ஹோன் மிரினில் ஆல்கஹால் சுமார் 14 சதவீதம், சட்டப்படி அது மது, வரி 10. மிரின் ஃபூ சோமிர்யோ என்பது மிரின் மாதிரி செய்த, ஆல்கஹால் மிகக் குறைந்த பொருள், வரி 8. மது தவிர்ப்பவர்கள் ர்யோரிஷு என்ற சமையல் மதுவில் மட்டும் இந்தக் கணக்கை நம்பக்கூடாது. அதில் உப்பைச் சேர்த்துக் குடிக்கமுடியாதபடி ஆக்கிவிடுவதால் அது உணவுக் கணக்கில் வந்து 8 சதவீதத்தில் நிற்கும், ஆல்கஹால் உள்ளேயே இருக்கும். சோயா சாஸ், மிசோ என்ற புளித்த சோயா விழுது ஆகியவற்றின் லேபிள்களில் ஷுசெய் என்று இருந்தால், கெடாமலிருக்கச் சேர்த்த ஆல்கஹால் என்று பொருள்.

கறி, மீன் பகுதியில் 100 கிராமுக்கான விலையே பெரிதாக இருக்கும். பொட்டலத்தின் முழு விலை ஸ்டிக்கரில் தனியாக இருக்கும். 100 கிராம் 98 யென் என்று பார்த்துவிட்டு, பொட்டலமே 98 என்று நினைத்துக் கூடையில் போடுவது புதிதாக வருகிறவர்கள் செய்யும் வழக்கமான தப்பு. காய்கறியில் விலை ஒன்றுக்கா, கட்டுக்கா, பைக்கா என்பது சீட்டிலேயே இருக்கும். இக்கோ என்றால் ஒன்று, இப்பொன் என்றால் முள்ளங்கி, வெள்ளரி போல நீளமான ஒன்று, ஹிதோ ஃபுகுரோ என்றால் ஒரு பை. விலை மிகவும் குறைவாக இருந்தால் பக்கத்தில் 'ஒருவருக்கு ஒன்று' என்ற கட்டுப்பாடு இருக்கிறதா என்றும் பாருங்கள். ஓஹிதோரிசாமா என்று தொடங்கும் வரி அதுதான்.

தேதியும் இரண்டு வகை. இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டால் ஒன்று நல்ல பொருளைக் குப்பையில் போடுவீர்கள், அல்லது கெட்டதைச் சாப்பிடுவீர்கள். ஷோஹி கிகென் என்பது அந்தத் தேதிக்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது. பச்சைக் கறி, சாண்ட்விச், சமைத்து வைத்த பெட்டிச் சாப்பாடு ஆகியவற்றில் இது இருக்கும். தாண்டினால் தூக்கிப் போட்டுவிடுங்கள். ஷோமி கிகென் என்பது அதுவரை சுவை குறையாது என்பது மட்டுமே. பிஸ்கட், நூடுல்ஸ், தயிர் போன்றவற்றில் இருக்கும். உறை பிரிக்காமல், சொன்னபடி வைத்திருந்தால் இரண்டு நாள் தாண்டியதும் கெட்டுவிடாது. இரண்டு சொல்லிலும் இரண்டாவது எழுத்தைப் பாருங்கள். அதன் இடப்பக்கம் தனியாக ஒரு சின்னச் சதுரம் இருந்தால் ஷோமி. அந்தச் சதுரம் 'வாய்' என்பதற்கான குறி, எழுத்தின் பொருள் 'சுவை'. அப்படி நினைவு வைத்துக்கொண்டால் மறக்காது. முட்டையின் தேதி தனிக் கதை. ஜப்பானில் முட்டையைப் பச்சையாகச் சாப்பிடும் வழக்கம் இருப்பதால், பெட்டியில் போட்டிருப்பது பச்சையாகச் சாப்பிடத்தக்க கடைசி நாள். அதைத் தாண்டினால் நன்றாக வேகவைத்து, சீக்கிரமாகத் தீர்த்துவிடலாம்.

இப்போது கேள்வியின் கனமான பகுதி, சைவம். இந்த நாட்டுப் பொட்டலங்களில் இந்தியாவில் இருப்பது போன்ற பச்சைப் புள்ளி கிடையாது. சைவம் என்பதற்கு இங்கே கட்டாயக் குறியீடு எதுவும் இல்லை. அதனால் நிறையப் பேர் ஒவ்வாமைப் பட்டியலை வைத்துத் தீர்மானிக்கிறார்கள். அது பாதிதான் உதவும். ஏன் என்று விளங்கிக்கொள்வது முக்கியம்.

பொருள்கள் பட்டியல் எடை வரிசையில் வரும், அதிகம் உள்ளது முதலில். ஒரு சாய்கோட்டுக்குப் பிறகு வருபவை சேர்க்கைப் பொருள்கள். பல பொட்டலங்களில் கடைசியாக ஓர் அடைப்புக்குறி திறந்து, ஒற்றைக் கிடைக்கோடு ஒன்றில் தொடங்கும் ஒரு வாக்கியம் இருக்கும். இச்சிபு நி என்று தொடங்கி, ஃபுகுமு என்று முடியும். 'இவை அடங்கியுள்ளன' என்பதுதான் பொருள். நடுவில் வருவது ஒவ்வாமைப் பொருள்கள். முட்டை, பால், கோதுமை, நிலக்கடலை, இறால், நண்டு, சோபா என்ற பக்வீட், 2023-ல் சேர்ந்த வால்நட் ஆகியவற்றை எழுதியே ஆகவேண்டும். மாடு, பன்றி, கோழி, ஜெலட்டின், சாபா மீன், சால்மன் போன்றவை எழுதும்படி பரிந்துரைக்கப்பட்டவை, கட்டாயமில்லை. இந்த இரண்டு பட்டியலிலும் இல்லாத ஒன்று கட்ஸுவோ. அது சூரை வகை மீன். அதைக் காய்ச்சி, புகையூட்டி, மரக்கட்டைபோல் உலர்த்திச் சீவியதுதான் கட்ஸுவோபுஷி. ஜப்பானியச் சமையலில் பெரும்பாலான குழம்பு, சாறு, சாஸ்களுக்கு அடித்தளமே அதில் எடுக்கும் தாஷி என்ற வடிசாறுதான். கட்ஸுவோ மட்டும் சேர்ந்த ஒரு பொருளின் ஒவ்வாமை வரியில் 'கோதுமை, சோயா' என்று மட்டும் இருக்கும், சைவம்போலவே தெரியும். ஆகவே ஒவ்வாமை வரியோடு நிறுத்தாமல் பொருள்கள் பட்டியலை முழுக்கப் பாருங்கள். கட்ஸுவோ, நிபோஷி என்ற உலர்த்திய சிறு மீன், தாஷி, க்யோகாய் எகிஸு என்ற கடலுணவுச் சாறு ஆகிய நான்கில் ஒன்று இருந்தாலும் சைவமில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வாமை வரியில் மோமோ என்று பார்த்துக் கோழித் தொடை என்று பதற வேண்டாம். கறிப் பகுதியில் மோமோ தொடை, ஒவ்வாமைப் பட்டியலில் மோமோ பீச் பழம்.

எகிஸு என்ற சொல்லை மட்டும் கண்ணுக்குப் பழக்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. சாறு என்று பொருள், கதகானாவில் மூன்றே எழுத்து. முதல் எழுத்து மேலும் கீழும் ஒவ்வொரு கிடைக்கோடு, நடுவில் ஒரு தூண். இரண்டாவது, இரண்டு குறுக்குக் கட்டை அடித்த மின்கம்பம். மூன்றாவது, 7 என்ற எண்ணுக்கு வலப்பக்கம் ஒரு கால் முளைத்த மாதிரி. இந்த மூன்றும் சேர்ந்து வருமிடத்தில் நின்று, அதற்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். போக்கு, பீஃபு, சிக்கின் என்று இருந்தால் விலங்குச் சாறு. யாசாய் என்றால் காய்கறிச் சாறு, கோபோ என்றால் ஈஸ்ட்.

சைவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்களைச் சொல்லிவிடுகிறேன். பெட்டியில் வரும் கறி ரூ, அதாவது ஜப்பானிய மசாலாக் குழம்புக்கான கட்டிகளில் பலவற்றில் மாட்டுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் இருக்கும். காய்கறிக் குழம்புக்கு என்று பெயர் போட்டிருந்தாலும் இதே நிலைதான். கொன்சொம்மே என்ற சூப் சுவையுள்ள உருளைக்கிழங்கு சிப்ஸில் மாடு, கோழி, பன்றிச் சாற்றுத் தூள் வழக்கமாக இருக்கும். உஸுஷியோ, அதாவது இலேசான உப்புச் சுவை என்று இருப்பதிலும் சிலவற்றில் சாறு சேர்க்கிறார்கள், திருப்பிப் பாருங்கள். ரொட்டியில் ராதோ என்றால் பன்றிக் கொழுப்பு. மிசோவில் தாஷி இரி என்று இருந்தால் மீன் சேர்ந்தது, அந்தச் சொல் இல்லாத மிசோவை எடுங்கள். சிக்குவா, கமாபோகோ, ஹன்பென் மூன்றும் பார்க்க மாவுப் பண்டம்போல் இருக்கும், மூன்றும் மீன் அரைத்துச் செய்தவை. கிம்ச்சியில் குட்டி இறாலோ மீன் சாறோ இருக்கும். கடற்பாசித் தாளில் யாகி நோரி சுட்டது மட்டும், அஜிட்ஸுகே நோரியில் இறால் அல்லது மீன் சுவை சேர்ந்திருக்கும். உமே என்ற புளிப்புப் பழத்தை உப்பில் ஊறவைத்த உமேபோஷியில் கட்ஸுவோ உமே என்று ஒரு வகை உண்டு. தயாராக வரும் உருளைக்கிழங்கு சாலட்டில் ஹாம் துண்டு கிடக்கும். இனிப்புத் தயிர், புட்டிங், மார்ஷ்மெல்லோ, கம்மி மிட்டாய் ஆகியவற்றில் ஸெராசின், அதாவது ஜெலட்டின் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடை ஊழியரிடம் 'இதில் கறி இருக்கிறதா' என்று கேட்டால், மீன் தாஷி இருந்தாலும் 'இல்லை' என்றுதான் பதில் வரும். அவர் பொய் சொல்லவில்லை. நிகு என்ற சொல் அவருக்கு விலங்குக் கறியை மட்டும் குறிக்கும், மீன் அதில் சேராது. 'சாகானா நோ தாஷி மோ தாமே தேஸ்', மீன் தாஷியும் ஆகாது என்று சேர்த்துச் சொல்லுங்கள். வீட்டில் தாஷி வேண்டுமானால் கோன்பு என்ற தடித்த கடற்பாசிப் பட்டையும் உலர்ந்த ஷியிதாகே காளானும் வாங்கி இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவையுங்கள். கோன்பு தாஷி என்று பெயர் போட்ட தூளிலும் மீன் கலந்திருக்கக்கூடும். பட்டையாக வாங்கினால் அந்தச் சந்தேகமே இல்லை.

கறி சாப்பிடுபவர்களுக்கு. தோரி கோழி, புதா பன்றி, கியூ மாடு. ஹிகிநிகு என்றால் கொத்துக்கறி. அதில் ஐபிகி என்று இருந்தால் மாடும் பன்றியும் கலந்தது, விலை குறைவு என்று தெரியாமல் எடுத்துவிடாதீர்கள். கோழியில் மோமோ தொடை, முனே மார்பு, ஸுனாகிமோ கோழியின் அரைவைப்பை, 'கிஸர்ட்'. இங்கே கோழி பெரும்பாலும் எலும்பு நீக்கி, தோலோடு வரும். எலும்போடு குழம்பு வைக்க தெபாமோதோ வாங்குங்கள். இறக்கையின் மேல் துண்டு அது, எல்லாக் கடையிலும் கிடைக்கும், விலையும் குறைவு. ஹலால் கோழி சாதாரணக் கடைகளில் அரிது. கியோமு சூப்பர் என்ற தொடர்கடையில் உறைந்த ஹலால் கோழி கிடைக்கும். பெயருக்கு 'தொழில்முறைக் கடை' என்று பொருள் இருந்தாலும் யார் வேண்டுமானாலும் போய் வாங்கலாம்.

மீன் பகுதியில் நம்மவர்களுக்கு நல்ல செய்தி இருக்கிறது. சவாரா என்பது வஞ்சிரத்தின் நெருங்கிய உறவு, ஒரே பேரினம். துண்டு போட்டே விற்பார்கள், மசாலா தடவி வறுக்க அருமையாக இருக்கும். இவாஷி மத்தி வகை, சாபா கானாங்கெளுத்தி வகை, இகா கணவாய், எபி இறால். முழு மீன் வாங்கினால் வெட்டித் தரச் சொல்லலாம். பல கடைகளில் இதற்குக் காசு வாங்குவதில்லை, மீன் பகுதியில் மணி ஒன்று இருக்கும் அல்லது கண்ணாடிக்குப் பின்னால் ஆள் நிற்பார். குழம்புக்கு என்றால் 'புட்ஸுகிரி' என்று கேளுங்கள், எலும்போடு குறுக்கே துண்டு போட்டுத் தருவார்கள். ஒன்றும் சொல்லாவிட்டால், முள் நீக்கி இரண்டு பக்கச் சதையையும் தனியாகப் பிரிக்கும் சம்மாய் ஓரோஷியா என்று கேட்பார்கள்.

சால்மனில் ஒரு பிழை அடிக்கடி நடக்கும். துண்டின் ஸ்டிக்கரில் அமாகுச்சி அல்லது அமாஜியோ என்று இருக்கும். அமா என்றால் இனிப்பு என்று செயலி காட்டும், ஆனால் இங்கே குறைந்த உப்பில் ஊறியது என்று அர்த்தம். கரகுச்சி என்றால் காரமில்லை, கடும் உப்பு. அதை வாங்கிக் குழம்பில் போட்டால் குழம்பே உப்புக்கரிக்கும். உப்பில்லாத துண்டு நாமா ஸாகே. ஆனால் நாமா, அதாவது பச்சை, என்றிருப்பதால் அப்படியே சாப்பிடலாம் என்று பொருளில்லை. பச்சையாகச் சாப்பிட ஸாஷிமி யோ அல்லது நாமாஷொகு யோ என்று எழுதியிருக்க வேண்டும். கனெட்ஸு யோ என்றால் சமைத்துத்தான் சாப்பிட வேண்டும். சிப்பியில் இந்த வேறுபாடு இன்னும் முக்கியம். சமைப்பதற்கான சிப்பி பழையது என்பதில்லை, அன்று காலை வந்ததாகக்கூட இருக்கலாம். எந்தக் கடற்பகுதியில் வளர்ந்தது, எப்படிச் சுத்தம் செய்யப்பட்டது என்பதைப் பொறுத்துப் பிரிக்கிறார்கள். ஆகவே புதிதாக இருக்கிறதே என்று கனெட்ஸு யோ சிப்பியைப் பச்சையாகச் சாப்பிடக்கூடாது. அசாரி என்ற சிறு மட்டி வாங்கினால் அரை லிட்டர் தண்ணீருக்கு 15 கிராம் உப்பு கரைத்து, மட்டி அரைகுறையாக மூழ்கும் அளவுக்கு ஊற்றி, இருட்டாக மூடி இரண்டு மூன்று மணி நேரம் வையுங்கள், மணலைக் கக்கிவிடும்.

அரிசி ஜப்பானில் 2, 5, 10 கிலோ பைகளில் வரும். 2025 வசந்தத்தில் 5 கிலோவின் சராசரி விலை 4,000 யென்னைத் தாண்டியது, முந்தைய ஆண்டைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதன்பிறகு விலையைப் பார்த்து வாங்குவது எல்லாருக்குமே பழக்கமாகிவிட்டது. விலை குறைந்த பைகள் பெரும்பாலும் ஃபுகுஸு கென்ர்யோமாய், பல ஊர் அரிசி கலந்தவை. தினச் சமையலுக்கு அதில் ஒன்றும் குறையில்லை. பையில் அரிசி தீட்டிய தேதி இருக்கும், சில பைகளில் மாதத்தின் முதல், நடு, கடைசிப் பத்து நாள் என்று மட்டும் இருக்கும். கோடையில் தீட்டி ஒரு மாதத்துக்கு மேல் ஆனதை எடுக்காதீர்கள், வீட்டிலும் குளிர்பெட்டியின் காய்கறித் தட்டில் வையுங்கள், வெளியே வைத்தால் வண்டு பிடிக்கும். முசென்மாய் என்றால் கழுவத் தேவையில்லாதது, அதற்குத் தண்ணீர் கொஞ்சம் கூட வைக்கவேண்டும். மொச்சிகோமே ஒட்டும் அரிசி, அதே அலமாரியில் சின்னப் பையில் இருக்கும், சாதத்துக்கு ஆகாது. சாதாரண ஜப்பானிய அரிசியே நம் சாதத்தைவிடப் பிசுபிசுக்கும். தயிர் சாதத்துக்கும் பொங்கலுக்கும் கோஷிஹிகாரி ரகம் நன்றாகவே ஒத்துப்போகும். உதிரியாக வேண்டுமானால் ஸஸாநிஷிகி கிடைத்தால் எடுங்கள், யுமேபிரிகா, மில்கி குவீன் இரண்டும் இன்னும் அதிகமாக ஒட்டும். கொழுக்கட்டைக்கு ஜோஷின்கோ என்ற மாவு கிட்டத்தட்ட நம் பச்சரிசி மாவு. பக்கத்திலேயே இருக்கும் ஷிராதாமாகோ ஒட்டரிசி மாவு, எடுத்தால் கொழுக்கட்டை ஜவ்வாகும்.

பாலில் தயிருக்கு உகந்தது எது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடிக்கலாம். அரை லிட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட அட்டைப்பெட்டியின் உச்சி மடிப்பில், திறக்கும் பக்கத்துக்கு எதிரே, அரைவட்டமாக ஒரு சிறு வெட்டு இருக்கும். பார்வையில்லாதவர்கள் தடவி அறிவதற்காக வைத்தது. அந்த வெட்டு கியூன்யூ வகைக்கு மட்டும்தான், அதாவது வேறெதுவும் சேர்க்காத முழுப் பால். அதே அலமாரியில் அதேபோன்ற பெட்டியில் கொழுப்பு குறைத்த தெய்ஷிபோ, பால் கலந்த பானமான ன்யூ இன்ர்யோ எல்லாம் இருக்கும். விலை குறைவு, ஆனால் உறைகுத்தினால் தயிர் நீர்த்துப்போகும். உறைக்கு 400 கிராம் டப்பாவில் வரும் ப்ளேன், முதோ, அதாவது சர்க்கரை சேர்க்காத யோகர்ட் ஒன்று போதும். பன்னீர் கிடைக்காதபோது தோஃபு என்ற சோயாக் கட்டியில் மோமென் என்ற கெட்டி வகையைத் துணியில் சுற்றி, மேலே கனம் வைத்து அரை மணி நேரம் நீரை வடியவிடுங்கள். கினு என்பது மிருதுவானது, கடாயில் கரைந்துபோகும்.

காய்கறியில் தேடவேண்டிய பெயர்கள்: சேப்பங்கிழங்கு சதோய்மோ, வெண்டைக்காய் ஓகுரா, கத்தரி நாசு, பாகற்காய் கோயா, வெண்பூசணி தோகான், தாமரைத்தண்டு ரென்கோன், முள்ளங்கி தைகோன். பாகற்காயும் வெண்பூசணியும் கோடையில் நன்றாகக் கிடைக்கும். ஷிஷிதோ பச்சை மிளகாய் மாதிரியே இருக்கும், காரம் இருக்காது, எப்போதாவது ஒன்றுதான் சுள்ளென்று உறைக்கும். காரத்துக்கு ஆவோ தோகராஷி என்று கேளுங்கள். கொத்தமல்லி பாகுச்சி என்ற பெயரில் சிறு பொட்டலமாக, நம் ஊரை நினைத்துப் பார்க்கமுடியாத விலையில் இருக்கும். வேரோடு கிடைத்தால் தொட்டியில் நட்டுவைப்பது லாபம்.

எண்ணெயில் ஒரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. கோமா ஆபுரா எள்ளெண்ணெய்தான், ஆனால் எள்ளை வறுத்து ஆட்டியது. நல்லெண்ணெய் என்று நினைத்து ஊறுகாயில் ஊற்றினால் வறுத்த வாடை மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். வறுக்காமல் ஆட்டியது தைஹாகு கோமா ஆபுரா, நிறமே இல்லாமல் தெளிவாக இருக்கும். நல்லெண்ணெய்க்கு அதுதான் கிட்டத்தில் வரும். சர்க்கரையும் உப்பும் ஒரே மாதிரி 1 கிலோ பைகளில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். பையை விரலால் அழுத்திப் பாருங்கள். ஜோஹாகுதோ என்ற சாதாரணச் சர்க்கரை ஈரமணல்போல் கைக்கு அடங்கும், உப்பு பெரும்பாலும் உலர்ந்து ஓடும். கோதுமை மாவில் ஹகுரிகிகோ கேக்குக்கு, கியோரிகிகோ ரொட்டிக்கு, ஸென்ர்யூஃபுன் முழுக் கோதுமை, சப்பாத்திக்கு இதையும் கியோரிகிகோவையும் பாதிப் பாதி கலக்கலாம். அதே தட்டில் இருக்கும் கதகுரிகோ மாவு இல்லை, உருளைக்கிழங்கு ஸ்டார்ச்.

கவுன்டருக்கு வருவோம். வாங்குவதைக் கடையின் கூடையில்தான் போடவேண்டும், சொந்தப் பையைக் காசு கொடுக்கும்வரை திறக்காதீர்கள். ஊழியர் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து வேறொரு கூடைக்கு மாற்றுவார். முதலில் பொயின்தோ காதோ, புள்ளி அட்டை இருக்கிறதா என்று கேட்பார். பிறகு ஃபுகுரோ, பை வேண்டுமா என்பது. 2020 ஜூலை முதல் பைக்குக் காசு, பெரும்பாலும் 3 முதல் 5 யென். பெட்டிச் சாப்பாடு வாங்கினால் ஓஹாஷி, குச்சி வேண்டுமா என்பார்கள். வேண்டாம் என்றால் 'தைஜோபு தேஸ்', வேண்டுமென்றால் 'ஓநெகாய் ஷிமாஸ்'. தைஜோபு என்றால் 'சரி' என்று அகராதி சொல்லும், ஆனால் இந்த இடத்தில் அது 'வேண்டாம்'. பை கேட்க நினைத்து அதைச் சொன்னால் வெறுங்கையோடு நிற்பீர்கள். இப்போது பல கடைகளில் ஸ்கேன் செய்வது ஆள், காசு வாங்குவது இயந்திரம். ஊழியர் ஓர் எண்ணைச் சொல்லிக் கை காட்டுவார், அந்த எண் போட்ட இயந்திரத்தில் கட்டவேண்டும். சில கடைகள் ரொக்கம் மட்டுமே வாங்கும், நுழைவாயிலில் பார்த்துக்கொள்ளுங்கள். காசு கட்டியபின் கூடையோடு சுவரோர மேசைக்குப் போய் நீங்களே பைக்குள் அடுக்கவேண்டும், ஊழியர் அடுக்கித் தரமாட்டார். அந்த மேசையில் மெல்லிய பிளாஸ்டிக் சுருளும் அருகில் பனிக்கட்டியும் இலவசமாக இருக்கும். கறி, மீன், தோஃபுவை அந்த மெல்லிய பையில் தனியாகக் கட்டுங்கள், நீர் கசியும்.

தள்ளுபடி ஸ்டிக்கர்கள் கடை மூட இரண்டு மூன்று மணி நேரம் இருக்கும்போது ஒட்ட ஆரம்பிப்பார்கள். முதலில் சமைத்த உணவும் ஸாஷிமியும், பிறகு கறி, ரொட்டி. எண்ணுக்குப் பின்னால் வரிபிகி என்று வந்தால் கணக்கு பத்தின் பங்கில். 3 வரிபிகி என்றால் 30 சதவீதம் குறைவு, 3 சதவீதம் இல்லை. ஹங்காகு பாதி விலை. அதன் முதல் எழுத்து இரண்டு கிடைக்கோட்டை ஊடுருவும் ஒரு செங்குத்துக் கோடு, தலையில் கொம்புபோல் இரண்டு சிறு கோடு. ஒட்டுகிறவர் பின்னால் போய், கூடையில் உள்ளதையும் ஒட்டச் சொல்வது இங்கே நாகரிகமில்லை. அன்றே சாப்பிடப்போகிறீர்கள் என்றால் முன்வரிசையில் இருப்பதையே எடுங்கள். தேமாயே தோரி என்று இதற்காகவே அட்டை வைத்திருப்பார்கள், பின்னாலிருந்து புதுத் தேதியைத் தோண்டி எடுத்தால் முன்னால் இருப்பது குப்பைக்குப் போகிறது. ஈயோன் என்ற பெரிய தொடர்கடையில் மாதம் 20, 30 தேதிகளில் அவர்கள் அட்டையையோ வாவோன் என்ற அவர்களின் மின்பணத்தையோ பயன்படுத்தினால் 5 சதவீதம் குறையும். அரிசி, எண்ணெய் போன்ற கனமான பொருள்களை அந்த நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். டிசம்பர் கடைசி வாரம் புத்தாண்டுக்காகக் காய்கறி, மீன் விலை ஏறும். ஜனவரி 1 அன்று பல கடைகள் மூடியிருக்கும், சில அதற்கடுத்த இரண்டு நாளும்.

வாங்கியது கெட்டிருந்தால் பில்லையும் பொருளையும் உறையோடு எடுத்துக்கொண்டு சேவைக் கவுன்டருக்குப் போங்கள். மாற்றித் தருவார்கள், அல்லது பணத்தைத் திருப்புவார்கள். பிடிக்கவில்லை, தவறி எடுத்துவிட்டேன் என்பதற்கு உணவுப்பொருளைத் திரும்ப வாங்கமாட்டார்கள். பால் அட்டைப்பெட்டியை அலசி, வெட்டி விரித்து, உலர்த்தி, வாசலில் இருக்கும் சேகரிப்புப் பெட்டியில் போடலாம். அலசாமல் மடித்துப் போட்டதை அவர்கள் எடுப்பதில்லை. துவரம்பருப்பு, உளுந்து, புளி, கறிவேப்பிலைக்கு இந்தக் கடைகளில் தேடி அலையவேண்டாம். டோக்கியோ பக்கம் என்றால் நிஷி கசாய், ஷின் ஓகுபோ பகுதிகளின் இந்திய, ஹலால் கடைகளில் மொத்தமாக வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். மஞ்சள்தூளும் சீரகமும் சூப்பர்மார்க்கெட்டில் உண்டு, ஆனால் விரலளவு கண்ணாடிக் குப்பிகளில், ஒரு வாரச் சாம்பாருக்கே காணாது.